தசமபாகம் எந்தச் சம்பளத்தில்?

மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்றா, பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவதில் பத்தில் ஒன்றா? பாளையங்கோட்டைப் பக்கம் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம் உள்ள சபைகளில் இந்தக் கேள்வி எப்போதும் உண்டு. தசமபாகத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்த இடத்துக்கு வந்ததும் பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும். போதகர் ஐயரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். தனியார் நிறுவனம் ஒன்றில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணுகிற மேசையிலும் உட்காருவேன். பணம் புறப்படுகிற இடமும் வந்து சேருகிற இடமும் தெரிந்தவள் என்பதால் கேட்கிறார்கள்.

போன பிப்ரவரியில் கேட்டவன் எங்கள் சபைப் பையன். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை; தசமபாகத்தை மாதாமாதம் ஊர்க் கோயிலுக்கே அனுப்புகிறவன். "அக்கா, கிராஸ்ல குடுக்கணுமா, நெட்லயா? நெட்ல குடுத்தா ஆண்டவர வஞ்சிச்ச மாதிரி ஆயிருமோ?" என்றான். குரலில் நிஜமான பயம் இருந்தது. தசமபாகத்தில் என்னை வஞ்சித்தீர்கள் என்று தேவன் சொல்லும் மல்கியா மூன்றாம் அதிகாரம் அவனைப் பிடித்து உலுக்கியிருக்கிறது. கையோடு சம்பளச் சீட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான்.

இடது பக்கம் அடிப்படைச் சம்பளம் 75,000, வீட்டு வாடகைப்படி 37,500, சிறப்புப்படி 37,500. கூட்டினால் ஒன்றரை லட்சம். வலது பக்கம் பி.எஃப். 9,000, வருமான வரி 12,567. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறைதான் பிடிப்பார்கள். அந்த மாதம் இல்லை. வங்கிக்குப் போனது 1,28,433. மொத்தத்தில் தசமபாகம் என்றால் 15,000; கைக்கு வந்ததில் என்றால் 12,843. வித்தியாசம் 2,157 ரூபாய். அவனைப் பொறுத்தவரை தேவனை வஞ்சிப்பதற்கும் வஞ்சிக்காததற்கும் நடுவில் நின்றது இந்தத் தொகைதான்.

கேள்வியின் அளவை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய வரி முறையில் வருடச் சம்பளம் 12,75,000 வரை இருக்கிறவருக்கு வருமான வரியே இல்லை. பன்னிரண்டு லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி, சம்பளக்காரர்களுக்கு அதற்கு மேல் 75,000 நிலைக்கழிவு. எங்கள் சபையில் நர்ஸ் வேலை பார்ப்பவர்கள், தனியார் பள்ளி ஆசிரியைகள், கடைக் கணக்கர்கள் எல்லாரும் இந்த வரம்புக்குக் கீழேதான். வரிக்கு முன்பா பின்பா என்ற கேள்வி அவர்களுக்கு எழவே எழாது. மேலே இருப்பவர்கள் ஐ.டி. பிள்ளைகள், வங்கி அதிகாரிகள், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அரசுக் கல்லூரிப் பேராசிரியர்கள். கேள்வி அவர்களுடையது. அதனால் அது சின்னக் கேள்வி ஆகிவிடாது. நான் சம்பாதித்தது எது, எனக்குக் கொடுக்கப்பட்டது எது என்பதை ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்பது அதற்குள் இருக்கிறது.

அந்த 2,157 ரூபாயில் 900 ரூபாய் பி.எஃப். தொகையின் பத்தில் ஒன்று; 1,257 ரூபாய் வரியின் பத்தில் ஒன்று. இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டுவதால்தான் குழப்பம் வருகிறது. பி.எஃப். விஷயத்தில் நான் அதிக நேரம் நிற்க மாட்டேன். அது அவனுடைய பணம். வட்டியோடு அவனிடமே திரும்பி வரும். வயலில் நிற்கிற பயிருக்கு யாரும் தசமபாகம் அளப்பதில்லை. அறுக்கிற நாளில் கொடுக்கலாம், இப்போதே கொடுத்தாலும் சரி. ஒன்றை மட்டும் சொல்லிவைத்தேன்: கடைசியில் எடுக்கும்போது அதில் நிறுவனம் போட்ட பங்கும் வட்டியும் இருக்கும், அவை ஒருநாளும் கணக்கில் வராதவை, மறந்துவிடாதே.

வரிதான் கனமான பகுதி.

கைக்கு வருவதில்தான் கொடுக்க வேண்டும் என்கிறவர்கள் சொல்வது இது: கண்ணில் படாத பணம் எனக்கு வந்த பணமே இல்லை. சம்பளக்காரருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. சம்பளம் கொடுக்கிறவரே வரியைக் கழித்து அரசுக்குக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். வரி போன தடம் தெரிவது சீட்டில் ஒரு வரியாகவும், வருடத்துக்கு ஒருமுறை வரும் ஃபார்ம் 16-லும்தான். ஆனால் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஹார்டுவேர் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் அதே வருமானம் என்று வைத்துக்கொள்வோம். பணம் முதலில் அவர் கல்லாவுக்கு வருகிறது. பிறகு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று அவரே முன்வரியாகக் கட்டுகிறார். அந்தப் பணம் தன்னுடையது இல்லை என்று அவர் சொல்ல முடியாது. எண்ணி எடுத்துக் கொடுத்தவர் அவர். இருவருக்கும் உள்ள வேறுபாடு பணத்தை அரசிடம் கொண்டு சேர்த்த கை யாருடையது என்பது மட்டும். கொண்டு சேர்த்த கை மாறினால் தேவனுக்குரிய பங்கு மாறிவிடுமா? மாறாது என்றுதான் எனக்குப் படுகிறது. வரியாகப் போனதும் அவன் உழைத்துச் சம்பாதித்ததுதான்.

வேதத்தைத் திறந்தால் பதில் நேராகக் கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தடை இருக்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் விழுவது தானியத்தின்மேல், திராட்சரசத்தின்மேல், எண்ணெயின்மேல், ஆடுமாடுகளின்மேல். கூலிக்காரன் கூலியில் பத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் என்று அங்கே எழுதியில்லை. நம் நாட்டு வருமான வரி இதற்கு நேர் எதிர். 1857 கலகச் செலவில் காலியான கஜானாவை நிரப்ப 1860-இல் ஜேம்ஸ் வில்சன் இங்கே அதைக் கொண்டுவந்தார். 1886 சட்டத்தில் விவசாய வருமானத்துக்கு விலக்கு வந்தது. இன்றும் விவசாய வருமானத்தின்மேல் மத்திய அரசின் வருமான வரி கிடையாது. வரம்பைத் தாண்டிய சம்பளத்தின்மேல் தவறாமல் விழும். பழைய ஏற்பாடு தொட்டதை நம் சட்டம் தொடவில்லை, அது தொடாததை நம் சட்டம் தொடுகிறது. ஆகவே ஒரு வசனத்தை எடுத்து மாதச் சம்பளச் சீட்டின்மேல் ஒட்டிவிட முடியாது. யாக்கோபு பெத்தேலில் செய்த பொருத்தனையில் தனக்குத் தரப்படும் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று என்றான். அது சட்டத்தால் வந்ததல்ல, நன்றியால் வந்தது. சம்பளக்காரர்களாகிய நாம் தசமபாகம் கொடுப்பது யாக்கோபின் வழியில்தான் என்று நினைக்கிறேன்.

முதலாம் சாமுவேல் எட்டாம் அதிகாரத்தைத் தசமபாகப் பிரசங்கத்தில் யாரும் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். ராஜா வந்தால் என்னென்ன எடுப்பான் என்று சாமுவேல் எச்சரிக்கிறார். தானியத்திலும் திராட்சத்தோட்டத்திலும் ஆடுகளிலும் பத்தில் ஒன்று. தேவனுக்கும் பத்தில் ஒன்று, ராஜாவுக்கும் பத்தில் ஒன்று! ஒன்றைக் கழித்துவிட்டு மற்றதைக் கணக்கிடு என்று அங்கே சொல்லவில்லை. இரண்டையும் சுமந்தான் அந்த விவசாயி. இயேசுவின் நாளில் ரோமனுக்கு வரி, தேவாலயத்துக்கு வரி, அதற்கு மேல் தசமபாகம் என்று சுமை இன்னும் கூடியிருந்தது.

எங்கள் அலுவலகத்தில் மேலப்பாளையத்து முஸ்லிம் ஒருவர் இருக்கிறார். இந்தப் பேச்சு வந்தபோது அவர்கள் வழியைச் சொன்னார். ஜகாத் என்பது வருமானத்தின்மேல் வருவதில்லை. நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவை எட்டிய செல்வம் ஒரு சந்திர வருடம் கையில் தங்கினால் அதில் நூற்றுக்கு இரண்டரை. கட்டிய வரி கையில் தங்குவதில்லை, அதனால் கிராஸ், நெட் என்ற சண்டையே இல்லை. ஆனால் வரி கட்டியதை ஜகாத் கொடுத்ததாகக் கணக்கில் எழுதவும் முடியாது என்பதுதான் பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. விளைச்சலுக்கு வேறு கணக்கு: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, தண்ணீர் இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. இதைக் கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உழைப்பும் செலவும் கூடினால் பங்கு குறைகிறது. விவசாயியின் முதுகு தெரிந்து போட்ட விதி அது. ஆனால் வருமான வரி இறைப்புச் செலவு போன்றதா? சம்பாதிக்க ஆகிற செலவு பஸ் கட்டணம், சென்னையில் அறை வாடகை, மத்தியானச் சாப்பாடு. வரி அப்படிப்பட்டதல்ல. சம்பாதித்த பிறகு ஊரோடு சேர்ந்து வாழ்வதற்கு நாம் போடுகிற பங்கு.

இங்கேதான் நெட் பக்கத்தின் மிக வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. உபாகமம் பதினாலாம் அதிகாரத்தின்படி மூன்றாம் வருடத் தசமபாகம் ஊர் வாசலில் சேர்த்து வைக்கப்படும். லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை வந்து சாப்பிட்டுத் திருப்தியாவார்கள். இன்று அந்த வேலையின் பெரும்பகுதியை அரசு செய்கிறது. முதியோர் பென்ஷன், ரேஷன் அரிசி, சத்துணவு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. கையில் காசில்லாத விதவை ஒருத்தி ஹைகிரவுண்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள் என்றால் அதில் அந்தப் பையனின் 12,567 ரூபாயும் ஒரு துளி இருக்கிறது. அப்படியானால் தசமபாகத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே கொடுத்தாயிற்று, மீதியைக் கோயிலுக்குக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேத ஆதாரம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிச் சொல்கிறவர் வரியைப் பற்றி முனகக் கூடாது. விதவைக்குப் போய்ச் சேர்ந்த காணிக்கை என்று ஒருநாள் சொல்லிவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் கவர்மென்ட் புடுங்கிட்டான் என்று சொல்வது இரண்டு நாக்கு.

நான் மொத்தச் சம்பளத்தில்தான் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் பிடியரிசிக் காணிக்கை எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். இன்று சாப்பாட்டுக்கு எத்தனை பேர், நாளைக்கு அரிசி இருக்கிறதா என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி தோர்ணக்கல்லுக்குப் போன வேதநாயகம் அசரியா, தெலுங்குச் சபைகளில் கூலி வேலை செய்த பெண்களின் இந்தக் கைப்பிடி அரிசியின்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்தார் என்பது தெரிந்ததே. காணிக்கை கொடுப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கலயத்துக்குப் போகிற பிடி, உலைக்கு முன் எடுக்கிற பிடி. அது என் கையில் ஊறிய பழக்கம். இதைச் சட்டமாக்கி அந்தப் பையன் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. நெட்டில் கொடுத்தால் நீ திருடன் இல்லை தம்பி என்று சொன்னேன்.

ஆனால் அவன் கேட்காத ஒன்றையும் சொன்னேன். பிப்ரவரி என்றால் எங்கள் அலுவலக மேசையில் ஆதாரங்கள் குவிகிற மாதம். பழைய வரி முறையில் இருப்பவர்கள் வாடகை ரசீது, எல்.ஐ.சி. பிரீமியம், மருத்துவக் காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். இதில் எந்தக் குற்றமும் இல்லை. சட்டம் தரும் கழிவை எடுத்துக்கொள்வது விசுவாசத்துக்குக் குறைவு என்று நினைக்கிற சிலரைப் பார்த்திருக்கிறேன். பவுல் ரோமக் குடியுரிமையைச் சொல்லித்தான் சாட்டையடியிலிருந்து தப்பினார், அதே உரிமையில்தான் இராயனுக்கு அபயமிட்டார். சட்டம் தந்த வாசலில் நுழைய வெட்கப்பட வேண்டியதில்லை. அம்மா பெயரில் உள்ள வீட்டில் குடியிருந்து மாதாமாதம் அம்மா கணக்குக்கு வாடகை அனுப்பினால், அம்மாவும் அதைத் தன் வருமானத்தில் காட்டினால், அது நேர்மையான வாடகை.

நான் சொல்வது வேறு ரசீதுகளை. பன்னிரண்டு மாத ரசீதும் ஒரே பேனா, ஒரே நாள் கையெழுத்து. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய கோணம்கூட மாறியிருக்காது. அப்படி ஒரு வீடே இருக்காது. கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகச் சீட்டு வாங்கி, கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திரும்பப் பெறுகிற வழக்கமும் ரொம்ப நாள் நடந்தது. 2025 ஜூலையில் இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளைத் தேடி வருமான வரித்துறை பல மாநிலங்களில் சோதனை நடத்தியது, தமிழ்நாட்டிலும் நடந்தது. பயந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். பயம் தெளிந்ததும் என்ன செய்வார்களோ.

இப்படி மிச்சம் பிடித்த பணத்திலிருந்தும் தசமபாகக் கவர் வருகிறது. எண்ணுகிற மேசையில் எனக்கு அது தெரியும். காகிதத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. மல்கியா மூன்றாம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் முதல் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். குருடும் நொண்டியுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிறீர்களே, அதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள், அவன் வாங்கிக்கொள்வானா என்று தீர்க்கதரிசி அங்கே கேட்கிறார். பறித்துக் கொண்டுவந்ததையும் பீறுண்டதையும் அதே பட்டியலில் வைக்கிறார். அதிபதியை ஏமாற்றிய பணத்தில் ஒரு பங்கைத் தேவனுக்குக் கொண்டுவருகிறவர் இந்த இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பிடிபடுகிறார். அந்தப் பங்கு கிராஸில் கணக்கிட்டதாக இருந்தால் என்ன, நெட்டில் கணக்கிட்டதாக இருந்தால் என்ன?

எனக்கு இதைவிடவும் பெரிய வருத்தம் மூன்றாம் அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்வது பத்தாம் வசனம். அதற்கு முன்பு ஐந்தாம் வசனத்தில், தேவன் நியாயத்தீர்ப்புக்கு நெருங்கி வந்து யாருக்கு விரோதமாகச் சாட்சி சொல்லப்போகிறாரோ அவர்களின் பட்டியல் இருக்கிறது. சூனியக்காரர், பொய்யாணையிடுகிறவர்களோடு சேர்த்துக் கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களும் அதில் உண்டு. பத்தாம் வசனத்துக்கு வருடா வருடம் பிரசங்கம் உண்டு. ஐந்தாம் வசனத்துக்கு நான் கேட்டதில்லை.

கூலி எப்படிக் குறைகிறது என்று சம்பளப் பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் வந்து தரை துடைக்கிற அக்காவின் சீட்டை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். வேறொரு ஏஜென்சி கொடுத்த சீட்டு. தொழிலாளியின் பி.எஃப். பங்கு பிடித்திருந்தார்கள், கீழே "நிர்வாகம்" என்ற பெயரில் கிட்டத்தட்ட அதே தொகை இன்னொருமுறை பிடித்திருந்தது. முதலாளி போட வேண்டிய பங்கையும் அவள் கூலியிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்பது 1952-இல் பி.எஃப். சட்டம் வந்த நாளிலிருந்து இருக்கிற விதி. எழுதிக் கொடுத்துச் சண்டை போட்ட பிறகு அது நின்றது. அந்த அக்காவும் ஒரு சபைக்காரி. கைக்கு வந்ததில்தான் தசமபாகம் எடுத்துவைப்பாள், அதற்குள் அவள் அறியாமலே போனது எவ்வளவோ.

கோயிலுக்குள்ளும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எண்ணாகமம் பதினெட்டில், தசமபாகம் வாங்குகிற லேவியனும் தான் வாங்கியதிலிருந்து பத்தில் ஒன்று எடுத்துப் படைக்க வேண்டும் என்று இருக்கிறது. வாங்குகிற இடத்துக்கும் கடமை உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போகிறது, கைதட்டுகிறோம், எனக்கும் அந்த நாள் சந்தோஷம்தான். ஆனால் விடியற்காலையில் மணியடித்து, பாய் விரித்து, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டவும் கூடவே நிற்கிற எங்கள் கோயில்பிள்ளைக்கு மாதச் சம்பளம் என்று கொடுப்பதைக் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. சம்பளச் சீட்டு கிடையாது. விடுப்பு எடுத்தால் பிடித்தம். வயதான பிறகு என்ன என்று யாரும் யோசித்ததில்லை. சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்தில் இருபது வேலைக்காரர் இல்லை, பி.எஃப். சட்டம் நம்மைக் கட்டாது என்று கமிட்டியில் ஒருவர் சரியாகவே சொன்னார். சட்டம் கட்டாத இடத்தில்தான் கட்டளை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

சென்னைப் பையன் கடைசியில் கிராஸிலேயே கொடுப்பதாக முடிவு செய்தான். அந்த 2,157 ரூபாயை மட்டும் ஊர்க் கோயிலுக்கு அனுப்பாமல், தன் அலுவலகக் கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கும் ஒருவரின் மகள் படிப்புக்குக் கொடுக்கலாமா என்று கேட்டான். பண்டசாலை என்பது கோயில் மட்டும்தான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை. உபாகமத்தின் மூன்றாம் வருடத்தை வாசிக்கச் சொன்னேன், கொடு என்றேன்.

சேகரக் கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் தீர்மானம் ஒரு பக்கம்தான். கோயில்பிள்ளையின் சம்பளத்தை மாவட்டத்தில் அந்த வேலைக்கு நடக்கிற கூலிக்கு உயர்த்துவது; வங்கி வழியாக, மாதம் முதல் தேதி, பிடித்தமில்லாமல்; கையெழுத்திட்ட சீட்டு; அவர் பெயரில் தபால் நிலையத்தில் ஒரு தொடர் வைப்பு, அதில் அவர் போடும் தொகைக்குச் சமமாகச் சேகரமும் போடுவது. ஆகும் செலவையும் கணக்கிட்டு இணைத்திருக்கிறேன். தசமபாக வரவில் பத்தில் ஒன்றுக்குள் அடங்குகிறது. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் செயலர் சொல்லியிருக்கிறார்.